பூனையும் புதுமனையும்

வீடு என்னும் சொல் விடு என்னும் அடியிற் பிறந்தது. அலைச்சலை விட்டுத் தங்குமிடம் வீடு. பற்றை விட்டுப் பெறும் பேறும் வீடு. இரண்டிற்கும் ஒரு சொல்லையே வைத்தார்கள் நம் முன்னோர். மனிதன் அந்தச் சொல்லுக்கு இழுக்கு வராமலே நடந்துவருகின்றான். ஒரு வீட்டை விடுகின்றான். மற்றொரு வீடு புகுகின்றான். அதிலும் ஆசிரியத் தொழிலுக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இடமாற்றக் கடிதம் வருகின்றது, லொறி வருகின்றது, அடுத்த கிழமை வேறோர் ஊரில், வேறொரு கிணற்றடியில் நின்று முகங் கழுவுகின்றோம்.

ஆனால், அந்த வீட்டிலே நம்மோடு வாழ்ந்த உயிரொன்று உண்டு. அதற்குச் சொல்லின் பிறப்பும் தெரியாது; இடமாற்றக் கடிதமும் விளங்காது. அது பூனை. வீடு மாறும் நாளிலே அதனை என்ன செய்வது என்பது ஒரு சிறிய கேள்வி. சிறிய கேள்வியாதலால் நாம் அதனைக் கேட்பதேயில்லை. கடைசிக் கட்டிலும் லொறியில் ஏறிய பின்னர்தான், "பூனை எங்கே?" என்று யாரோ ஒருவர் கேட்கின்றார். அப்பொழுது பூனை கூரை முகட்டிலே நிற்கின்றது.

இக்கேள்வியை இங்கே சற்று விரித்துப் பார்க்கலாம் என்று எண்ணுகின்றேன்.

வெருகும் பூசையும்

பூனைக்குத் தமிழிலே பழைய பெயர்கள் உண்டு. வெருகு ஒன்று, பூசை மற்றொன்று. வெருகைப் பூசை என்று வழங்குவதும் மரபே என்று தொல்காப்பிய மரபியல் உடன்படுகின்றது. அதன் இளமைப் பெயர் குட்டி. பறழ் எனினும் அமையும். கடுவன் என்பது குரங்கின் ஆணுக்கு உரிய பெயர். யாழ்ப்பாணத்தார் அதனைப் பூனைக்கும் ஈந்து 'கடுவன் பூனை' என்கின்றனர்.

இந்தப் பெயர்களை நான் அடுக்குவது புலமை காட்டுதற்கன்று. வெருகு என்றவுடன் நமக்குக் காடு நினைவுக்கு வருகின்றது. பூசை என்றவுடன் அடுக்களை நினைவுக்கு வருகின்றது. ஒரே உடம்புக்குள் இரண்டும் உண்டு. பழகிய வீட்டிலே அது பூசை. பழகாத வீட்டிலே கதவைத் திறந்துவிட்ட அந்தக் கணத்தில் அது வெருகு. கண் விரிகின்றது, காது படிகின்றது, வயிறு நிலத்தைத் தொட ஊர்ந்து அலுமாரியின் பின்னே மறைகின்றது. ஆறு வருடம் மடியிலே கிடந்த பிராணி நம்மையே அறியாததுபோலப் பார்க்கின்றது. "நன்றி கெட்ட சாதி" என்று நாம் சொல்லிவிடுகின்றோம். அது நன்றிக் கேடன்று, அச்சம்.

மணத்தாலான வீடு

நாய் ஆளோடு போகும், பூனை வீட்டோடு நிற்கும் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மை. அந்தப் பாதியை முதலிற் பார்ப்போம்.

நமது வீடு கல்லாலும் ஓட்டாலும் ஆனது. பூனையின் வீடு மணத்தால் ஆனது. பூனையின் கன்னத்திலும், மோவாயிலும், நெற்றியிலும், பாதங்களிலும் மணச் சுரப்பிகள் உண்டு. கதவு நிலையிலும், கதிரைக் காலிலும், நம் கணுக்காலிலும் அது கன்னத்தை உரசிச் செல்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கொஞ்சுகின்றது என்று எண்ணி மகிழ்கின்றோம். கொஞ்சுதலும் உண்டு, அதனோடு கையொப்பமும் உண்டு. 'இது என் இடம். இங்கே அஞ்சவேண்டியதில்லை' என்று அது தனக்குத் தானே எழுதி வைக்கின்றது. அவ்வெழுத்து நம் மூக்குக்குப் புலனாவதில்லை. பூனை ஒவ்வொரு நாளும் அதனைப் படித்துக்கொண்டே விறாந்தையிலிருந்து அடுக்களைக்கும், அடுக்களையிலிருந்து முற்றத்துக்கும் போய்வருகின்றது.

வீடு மாறினால் அந்த நூல் முழுவதும் அழிந்துபோகின்றது. புது வீட்டிலே சுண்ணாம்பு மணம், வர்ணப்பூச்சு மணம், நிலங் கழுவிய பினைல் மணம். போதாக்குறைக்கு, முன்னிருந்தோர் வளர்த்த வேறொரு பூனையின் கையொப்பமும் மூலையில் இருக்கும். எழுத்துத் தெரியாத தேசத்திலே நள்ளிரவில் இறக்கிவிடப்பட்டவன் நிலை எதுவோ, அதுவே அதன் நிலை.

இனி, மற்றப் பாதி. பூனைக்கு ஆள் முக்கியமன்று என்பது பொருந்தாது. 2013இல் தோக்கியோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 20 வீட்டுப் பூனைகளுக்கு அந்நியர் குரலையும் வளர்த்தவர் குரலையும் மாறி மாறிக் கேட்பித்தனர். பூனைகள் தம்மவர் குரலை வேறு பிரித்து அறிந்தன. எழுந்து ஓடிவரவில்லை; காதையும் தலையையும் அசைத்தன. அறிந்தும் அறியாததுபோல் இருப்பது பூனையின் சுபாவம். 2019இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் பூனைக் குட்டிகளைப் பழகாத அறையொன்றில் வைத்துப் பார்த்தனர். வளர்த்தவர் சிறிது நேரம் வெளியே சென்று திரும்பி வந்ததும், நூற்றுக்கு 64 அளவான குட்டிகள் அச்சந் தணிந்து, மீண்டும் அறையை ஆராயத் தொடங்கின.

இன்னும் பழைய சான்றொன்று உண்டு. 1922இல் அமெரிக்க விலங்கியலறிஞர் பிரான்சிஸ் ஹெரிக், தாய்ப்பூனை ஒன்றைக் குட்டிகளிடமிருந்து பிரித்து, மைல் கணக்கான தூரத்தில் விட்டுப் பார்த்தார். அது பலமுறையும் திரும்பி வந்தது. எதனிடம் வந்தது? சுவரிடம் வந்ததோ? குட்டிகளிடம் வந்தது.

ஆகவே, பூனைக்கு இடமும் வேண்டும், ஆளும் வேண்டும். இடம் போய்விட்ட வேளையில் ஆள்தான் மிச்சம். அந்த ஆளும் பெட்டி இறக்குவதில் மும்முரமாய் நின்றால், அதற்கு யாருளர்?

தாய்ப்பூனை செய்வது

வீடு மாற்றும் வித்தையைப் பூனையிடமே கற்கலாம். 'குட்டி போட்ட பூனை போல' என்பது நம் வழக்கு. ஈன்ற பூனை ஓரிடத்தில் நில்லாது. குட்டிகளை அங்குமிங்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். வைணவ ஆசாரியர்கள் இதனை ஒரு தத்துவத்துக்கு உவமையாக்கினார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். அது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது. தாயே கவ்விச் செல்லும். அது மார்ச்சார நியாயம். பிடித்த பிடியிலே குட்டி உடம்பைத் தளரவிட்டுத் தொங்குகின்றது. பொறுப்பு முழுவதும் தாயினுடையது. வீடு மாறும் நாளிலே நம் பூனைக்கு நாமே அந்தத் தாய். இது சமயவாதமன்று, நடைமுறை.

அந்தத் தாய் என்ன செய்கின்றது என்று கவனியுங்கள். குட்டிகளை நடு மண்டபத்திலே கொண்டுவந்து போடுவதில்லை. கட்டிலின் கீழ், அலுமாரியின் பின், பரணின் மூலை என்று ஒடுங்கிய இருள் இடத்தையே தேடுகின்றது. ஆரவாரம் அடங்கிய வேளை பார்த்துக் கொண்டுசெல்கின்றது. கொண்டுசென்றபின் தன் உடம்பின் மணத்தையும் சூட்டையும் அங்கே தருகின்றது. குட்டி முதலில் அந்த மூலையை அறியும். பின் அறையை அறியும். பின் முற்றத்தை அறியும். சிறிதிலிருந்து பெரிதுக்கு.

அறிஞர் ஆய்வும் இதனையே காட்டுகின்றது. நெதர்லாந்தின் உத்ரெக்ற் பல்கலைக்கழகத்தார் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விலங்குப் புகலிடமொன்றிற்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள ஒவ்வொரு பெட்டி கொடுத்தனர். 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி பெற்றவை சில நாட்களிலேயே மனந்தேறின. மற்றவை தேறுவதற்குக் கூடிய நாள் சென்றது. பெட்டி என்றால் பொன்னாலான பெட்டியன்று. கடையிலே சும்மா கிடைக்கும் மட்டைப்பெட்டி போதும்.

எங்கள் வீட்டு இடமாற்றம்

சில வருடங்களுக்கு முன் வடமராட்சியிலிருந்து கோப்பாய்ப் பக்கம் எங்கள் குடும்பம் பெயர்ந்தது. தூரம் 25 கிலோமீற்றர் அளவு. பூனை ஆறு வயதுப் பெட்டை. மகள் இட்ட பெயர் கயல். மீனைக் கண்டால் அது படும் பாட்டைப் பார்த்து இட்ட பெயர்.

அயலிலே ஒரு மூதாட்டி இருந்தார். அன்பானவர். "வாத்தியார், அங்கையும் பூனையள் இருக்கும்தானே. இதை விட்டிட்டுப் போங்கோவன். எலி பிடிச்சுச் சீவிக்கும்" என்றார். லொறிக்காரத் தம்பி அதனினும் சுருக்கமாகச் சொன்னார்: "ஐயா, சாக்கிலை போட்டுக் கட்டுங்கோ. ஒரு மூலையிலை கிடக்கும்." இருவரும் தீயவரல்லர். ஊர் வழக்கத்தைச் சொன்னார்கள். "இல்லைத் தம்பி, அது எங்களோடை காரிலை வரும்" என்றேன்.

நாங்கள் மேற்கொண்ட ஒழுங்கைச் சொல்லுகின்றேன். புதுமை ஒன்றுமில்லை, தாய்ப்பூனையின் ஒழுங்குதான்.

இரண்டு கிழமைக்கு முன்னரே மூடியுள்ள பிரம்புக் கூடை ஒன்றை விறாந்தையிலே திறந்து வைத்தோம். உள்ளே அது படுக்கும் பழஞ்சேலைத் துண்டை விரித்தோம். நெத்தலிக் கருவாட்டை இடையிடையே அங்கே வைத்தாள் மகள். பயண நாளுக்கிடையில் கூடை அதற்குப் படுக்கையாயிற்று. கூடையைப் பயணத்தன்றுதான் முதன்முதற் காணும் பூனை, அதனைக் கூண்டென்றே கொள்ளும்.

பயணத்தன்று காலை சாமான் ஏற்றும் ஆரவாரம் தொடங்குமுன், அதனை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். காலையுணவு கொடுக்கவில்லை; நிறைந்த வயிற்றோடு வாகனம் ஏறினால் வாந்தி வரும். லொறி புறப்பட்ட பின்னரே கூடையில் ஏற்றினோம். கூடையை மெல்லிய துணியால் மூடினோம். காற்று வர இடம் விட்டோம். வழியிலே கடைக்கு இறங்கினாலும், வெயிலில் நிறுத்திய காருக்குள் பூனையை விட்டுச் செல்லலாகாது. மூடிய கார் சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும்.

புது வீட்டிலே ஓர் அறையை மட்டும் அதற்கென ஒதுக்கினோம். பழஞ்சேலைத் துண்டைத் துவைக்காமலே கொண்டுவந்தோம். துவைத்தால் மணம் போய்விடும். ஒரு மூலையிலே தண்ணீரும் சோறும் மீனும். எதிர் மூலையிலே மணல் பரப்பிய தட்டம். இரண்டையும் அருகருகே வைத்தலாகாது. பூனை துப்புரவிற் கண்டிப்பானது. ஒளிவதற்கு ஒரு மட்டைப்பெட்டி. உயர ஏறி இருந்து பார்ப்பதற்கு அலுமாரியின் முகடு.

மகள் மற்றொன்றும் செய்தாள். மென்மையான துணியொன்றினால் கயலின் கன்னத்தைத் தடவி, அந்தத் துணியைக் கதவு நிலையிலும் மேசைக் காலிலும் பூனையின் உயரத்துக்குத் தேய்த்துவிட்டாள். கையொப்பத்தை நாமே கொண்டுபோய் வைப்பது இது. இங்கிலாந்திலே வீடு மாறும்போது பூனையின் பாதத்திலே வெண்ணெய் பூசும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பூனை நக்கி நக்கி அமைதியடையும் என்பது எண்ணம். வெண்ணெயினும் இந்தத் துணி வேலை செய்யும்.

முதல் நாள் அது பெட்டியைவிட்டு வெளிவரவில்லை. யாரும் இழுத்து எடுக்கவில்லை. அதுதான் முக்கியம். ஒளிந்திருக்கும் பூனையை இழுத்தெடுத்து மடியில் வைத்து ஆறுதல் சொல்லுதல் நம் ஆறுதலுக்கேயன்றிப் பூனையின் ஆறுதலுக்கன்று. நான் மாணவர் கட்டுரைகளை அந்த அறையிலிருந்தே திருத்தினேன். வாய்விட்டுப் படித்தேன். இலக்கணப் பிழைகளுக்கு வழக்கம்போல வைதேன். பழகிய குரல், பழகிய வசை. இரண்டாம் நாள் இரவு பெட்டியின் வாயிலே இரண்டு கண்கள் தெரிந்தன. மூன்றாம் நாள் மீனை உண்டது. ஐந்தாம் நாள் கதிரைக் காலிலே கன்னத்தை உரசியது. முதற் கையொப்பம்! அதன் பின்னர்தான் அறைக் கதவைத் திறந்தோம். மற்ற அறைகளை அது தானே, தன் நேரத்தில், ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டது.

ஒரு குறிப்பு. அச்சத்தினால் ஒரு நாள் உண்ணாதிருத்தல் உண்டு. இரண்டு நாளுக்கு மேலும் ஒன்றும் உண்ணாவிடின் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, ஈரலிலே கொழுப்புப் படிந்து உயிருக்கே மோசம் வருவதுண்டு.

படலையைத் திறக்கும் நாள்

உள்ளே பழகிவிட்டது என்று உடனே முற்றத்தில் விடலாகாது. இரண்டு மூன்று கிழமையேனும் வீட்டினுள்ளே இருத்தவேண்டும். வெளியே விடும் முதல் நாளிலே உணவுக்கு முந்திய வேளையைத் தெரிதல் நன்று. பசி அதனைத் திரும்ப அழைத்துவரும். சிறிது நேரம் விட்டு, கிண்ணத்தைத் தட்டிக் கூப்பிட்டு, உணவு வைத்துக் கதவைச் சாத்தவேண்டும். நாள்தோறும் அந்த நேரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டலாம்.

அயலிலே கடுவன் ஒன்று இருக்கும். அது மதிலின்மேல் இருந்து வந்தவரை விசாரிக்கும். சண்டையும் வரும். ஆதலால் கருத்தடைச் சிகிச்சையையும், நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியையும் புறப்படுமுன்னரே செய்துவைப்பது அறிவுடைமை.

பழைய வீடு கிட்ட இருந்தால் மற்றொரு இடர். பூனை அங்கே போய் நிற்கும். அங்கே புதிதாக வந்தவர்கள் இரங்கிச் சோறு வைப்பார்கள். இரக்கந்தான், ஆனால் அந்தச் சோறு பூனையை இரண்டு வீட்டுக்கும் இடையிலே தெருவில் நிறுத்திவிடும். "சோறு வைக்காதீர்கள், எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள்" என்று முன்னதாகவே அவர்களிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

கூட வந்த பிராணி

பூனை மனிதனோடு இடம்பெயராது என்பவர்களுக்கு ஒரு செய்தி. மத்தியதரைக் கடலிலே சைப்பிரஸ் என்னும் தீவு உண்டு. அங்கே 9,500 ஆண்டுப் பழமையுடைய புதைகுழி ஒன்றை ஆய்வாளர் கண்டனர்; 2004இல் அதனை வெளியிட்டனர். குழியிலே ஒரு மனிதர். அவருக்கு 40 சென்ரிமீற்றர் அளவு தள்ளி, எட்டு மாதப் பருவமுடைய ஒரு பூனை. அத்தீவு பூனைக்கு இயற்கையான இடமன்று. யாரோ தோணியிலே ஏற்றிக் கடல் கடந்து கொண்டுவந்திருத்தல் வேண்டும். மனிதனும் பூனையும் கூடி வாழ்ந்தமைக்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றே இப்படி ஓர் இடமாற்றத்தின் சான்றாயிருக்கின்றது. கொண்டுசெல்ல மனமிருந்தால் பூனை வரும்.

கொண்டுசெல்ல இயலாத காலமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்திரளாய்த் தென்மராட்சி நோக்கி நடந்தனர். நான் அப்பொழுது இளைஞன். மழையும் இருளும். நாவற்குழிப் பாலத்தருகே ஓரடி வைக்க ஒரு நாழிகை சென்றது. முதியோரையும் குழந்தைகளையும் கொண்டு கரை சேர்ந்தால் போதும் என்று எல்லோரும் தவித்த இரவு அது. ஆடு மாடுகளைக் கட்டவிழ்த்துவிட்டு வந்தார்கள். நாய்கள் சிறிது தூரம் கூட வந்தன. பூனைகள் வீடுகளிலே நின்றன. அதற்காக யாரைக் குறைசொல்ல முடியும்? 1996 நடுப்பகுதியிலே எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பியபொழுது, படலை இல்லை, கதவு இல்லை, கிணற்றடியிலே புல் மண்டிக் கிடந்தது. அடுத்த வீட்டுப் பூனை மட்டும் அவர்களுடைய அடுப்படியிலே இருந்தது. எலும்பும் தோலுமாய் இருந்தது. அந்த வீட்டு அம்மையார் அதனைக் கண்டதும் வாய்விட்டு அழுதார். அந்த ஆறு மாதத்திலே எவ்வளவோ இழந்தவர். அவற்றுக்கெல்லாம் அழாதவர்.

இன்று நாம் வீடு மாறுவது அப்படியன்று. நாள் பார்க்கின்றோம்; லொறி பேசுகின்றோம்; பால் காய்ச்ச நேரங் குறிக்கின்றோம். பூவரசங் கன்றைக்கூட வேரோடு கிண்டி எடுத்துக் கொண்டுபோகின்றோம். அப்படியிருந்தும், பூனையைச் சாக்கிலே கட்டிச் சந்தையடியில் அவிழ்த்துவிடுவோரும், வெற்று வீட்டிலே விட்டுப் படலையைச் சாத்துவோரும் நம்மிடையே இல்லாமலில்லை. 'எலி பிடித்துப் பிழைக்கும்' என்பது மனத்தைத் தேற்றுதற்குச் சொல்லும் சொல். ஆறு வருடம் கிண்ணத்திலே உண்ட பிராணி, அயற் பூனைகளின் ஆட்சியுள்ள தெருவிலே பசியோடும் புண்ணோடும் அலையும். அதன் குட்டிகளும் அலையும்.

இல்லத்து ஒழுங்குகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். வீடு மாறும் வீட்டிலே பூனைக்குப் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு கூடை, ஒரு பழந்துணி, ஒரு மட்டைப்பெட்டி, ஓர் அறை, மூன்று கிழமைப் பொறுமை. இவ்வளவே செலவு. தன்னால் கேட்க இயலாத ஓர் உயிரின் அச்சத்தை ஊகித்து அறிந்து, அதற்கு இடங் கொடுக்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு வகுப்பிலே புதிதாக வந்து பின்வாங்கிலே ஒடுங்கியிருக்கும் மாணவனுக்கும் இடங் கொடுக்கும்.

வீட்டை விடலாம். வீட்டிலுள்ள உயிரை விடலாகாது.